முனீஸ்வரி காத்திருந்த இரண்டு வெள்ளிக்கிழமைகள்

முனீஸ்வரியை நல்லவள் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் எங்கள் ஆய்வகத்தில் நிறையப் பேர் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம். அவள் செய்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் நானே எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் அவளைத் தெய்வமாக்கிவிடுவார்கள், இல்லையென்றால் பேயாக்கிவிடுவார்கள்.

என் பெயர் ஹம்சவேணி. மதுரையில் கர்ப்பிணிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன். கர்ப்பப்பை வாயிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்த மாதிரியும் கொஞ்சம் ரத்தமும் எங்களுக்கு வரும். அதில் என்னென்ன கொழுப்பு அமிலங்கள், எவ்வளவு இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் கருவி ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது என் வேலை. மாதிரிகளை எடுத்து வருவது முனீஸ்வரியின் வேலை. காலையில் ஜீப்பில் கிராமத்து சுகாதார நிலையங்களுக்குப் போவாள், மத்தியானம் ஐஸ் பெட்டியோடு திரும்புவாள். கூச்சப்பட்டு மறுக்கிற பெண்கள்கூட அவள் என்றால் சம்மதிப்பார்கள். வலிக்காமல் எடுக்கும் கை அவளுக்கு.

அவளை முதன்முதலாக நான் கவனித்தது பயிற்சி வகுப்பில். எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் சூடாமணி, புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்கு ஆய்வு என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"கர்ப்பப்பை வாய்ங்கிறது வெறும் மூடி இல்லை. பிள்ளை வளர்ற வரைக்கும் இறுக்கமா மூடியிருக்கணும், பிரசவ நேரத்துல இளகிக் கொடுக்கணும். அங்க இருக்கிற செல்கள் கொழுப்பை உள்ளே இழுக்குது, கொஞ்சத்தை எரிச்சு சக்தியாக்குது, கொஞ்சத்தைச் சேர்த்து வைக்குது. ஒரு வகைக் கொழுப்பு அமிலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு உருவாகும். வாயை இளக வைக்கிறதுல அதுக்குப் பங்கு இருக்கு. மாசாமாசம் இந்தச் செலவுக்கணக்கு எப்படி மாறுது, சிலருக்கு மட்டும் ஏன் அஞ்சு மாசத்துலயே இளகிடுது, அதுதான் நம்ம கேள்வி."

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"பரோட்டா தின்னா வாய் திறந்துக்கிருமா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் உரக்கவே சிரித்தேன். டாக்டர் சூடாமணி மட்டும் சிரிக்கவில்லை. கேட்டவளின் முகத்தையே பார்த்துவிட்டு, "ஒரு பரோட்டாவுக்கு அவ்வளவு சக்தி கிடையாதும்மா" என்றார்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் முனீஸ்வரி.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த கதையை அவள் எனக்குச் சொன்னது சில மாதங்கள் கழித்து, கேன்டீனில். அதையும் அழாமல் சொன்னாள். வாடிப்பட்டிப் பெண். நர்ஸிங் உதவியாளர் படிப்பை முடித்துவிட்டு காளவாசலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். அலங்காநல்லூர்ப் பக்கம் பாண்டிராஜ் என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அவர் அம்மா பாண்டியம்மாளே பேசிவிடுவார்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் முனீஸ்வரி உண்டானாள். ஐந்தாம் மாதம் பிறந்ததும் பாண்டியம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் மருமகளுக்கு மருந்துக் களி கிண்டிக் கொடுத்தார். உளுந்து, கருப்பட்டி, சுக்கு, பூண்டு, இன்னும் என்னென்னவோ. அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கிண்டுவார். அந்த வீட்டு மருந்துக் களிக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. அதன் பக்குவத்தைத் தன் மகளுக்குக்கூட அவர் சொன்னதில்லை. எங்கள் சௌராஷ்டிரக் குடும்பங்களிலும் இப்படிப்பட்ட அடுப்படி ராணிகள் உண்டு, அந்தப் பெருமை எனக்குப் புதிதில்லை.

நான்காவது வெள்ளிக்கிழமை முனீஸ்வரிக்குக் களி இறங்கவில்லை. பாதியை வைத்துவிட்டாள். மாமியார் பக்கத்தில் நின்று முழுவதையும் தின்ன வைத்தார். நாக்குச் செத்துக் கிடக்கிறதே என்று பாண்டிராஜ் காளவாசலிலிருந்து இரண்டு பரோட்டா வாங்கி வந்து, அம்மா கண்ணில் படாமல் கொடுத்தார். மறுநாள் முழுக்க அவளுக்கு வயிற்றோட்டம், முறுக்கு முறுக்காக வலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீர்க்குடம் உடைந்தது. பெண் பிள்ளை, கையகலம். நிமிஷக் கணக்கில்தான் உயிர் இருந்தது என்றாள். எத்தனை நிமிஷம் என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

குப்பையில் கிடந்த பரோட்டாத் தாளை எடுத்தது பாண்டியம்மாள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூன்று மாதம் கழித்து அதே ஊர் மண்டபத்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு வளைகாப்பு. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் முனீஸ்வரி வளையல் தட்டுக்குக் கையை நீட்டினாள். பாண்டியம்மாள் குறுக்கே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ தொடாத. பரோட்டாவைத் தின்னு பிள்ளையைப் பேதியில விட்டவ. அந்தக் கையால என்னத்துக்கு இன்னொருத்திக்கு வளையல்?"

அறுபது பெண்கள் இருந்தார்கள். யார் யார் சிரித்தார்கள், யார் தலையைக் குனிந்துகொண்டார்கள், யார் பாயாசத்தைத் தொடர்ந்து குடித்தார்கள் என்று முனீஸ்வரிக்கு இப்போதும் தெரியும். வரிசையாகச் சொன்னாள். பாண்டியம்மாளின் ஓரகத்தி கனகலட்சுமி சிரித்தது உட்பட.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்த வளைகாப்புக்கும் அவளை அழைக்கவில்லை. அழைத்தாலும் பந்திக்கு மட்டும். புருஷனை இழுத்துக்கொண்டு காளவாசலில் வாடகை வீட்டுக்கு வந்தாள். மறுபடி உண்டாகவில்லை. எங்கள் நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஸ்கேன் சென்டர் வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வந்து சேர்ந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"எது திறந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்க்கா. தெரிஞ்சதும் அந்தப் பொம்பளை மூஞ்சியில எறியணும்."

சேவை, ஆர்வம் என்று அவள் ஒரு நாளும் பூசி மெழுகியதில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடித்தது.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அப்புறம் அவள் நாத்தனார் பவதாரிணி உண்டானாள். பவதாரிணி நல்ல பெண். அம்மாவின் வாய்க்குப் பயந்தவள், ஆனால் மதினிக்கு மறைவாகப் போன் செய்து பேசுகிறவள். புருஷன் சிங்கப்பூரில் இருந்ததால் தாய் வீட்டிலேயே இருந்தாள். ஸ்கேன் இலவசம் என்று கேள்விப்பட்டு, முனீஸ்வரி போகிற சுகாதார நிலையத்துக்கே வந்து எங்கள் ஆய்வில் பெயர் கொடுத்தாள். ஆய்வில் பெயர் இருக்காது, எண்தான். பவதாரிணி நூற்று நாற்பத்தேழு.

ஆறாம் மாதத்து மாதிரியை நான் கருவியில் ஏற்றியது ஒரு புதன்கிழமை. திரையில் வரும் கோடுகளை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். எந்த இடத்தில் எந்தக் கொழுப்பு அமிலம் எழும்பும் என்று எனக்கு மனப்பாடம். நூற்று நாற்பத்தேழில், எதுவுமே எழும்பக் கூடாத இடத்தில் ஒன்று எழும்பியிருந்தது. பஞ்சில் அழுக்கு ஒட்டியிருக்கும் என்று நினைத்து ரத்தத்தையும் ஏற்றினேன். அதிலும் இருந்தது.

டாக்டர் சூடாமணி வந்து பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்கிற பட்டியலில் விரலை ஓட்டினார்.

"ரிசினோலிக் அமிலம். இது நம்ம உடம்புல ஊறுற பொருள் இல்லை. விளக்கெண்ணெய்ல இருக்கிறது. யாரோ இந்தப் பொண்ணுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிறாங்க."

முனீஸ்வரி ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அது என்ன செய்யும் மேடம்?"

"குடலை முறுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். சிலருக்குக் கர்ப்பப்பையையும் சேர்த்து முறுக்கிவிட்டுரும். பிரசவத்தைத் தூண்ட அந்தக் காலத்துல கொடுத்ததே அதுக்குத்தான். ஆறாம் மாசத்துல யாராவது கொடுப்பாங்களா?" என்று தலையில் தட்டிக்கொண்டார். "முனீஸ்வரி, இன்னைக்கே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடு. உடனே நிறுத்தச் சொல்லு. படிவத்துல குறிச்சிரு."

"சரி மேடம்."

அவர் போனதும் அவள் நூற்று நாற்பத்தேழின் படிவத்தை எடுத்தாள். சாப்பாட்டு விவரம் கேட்டு அவளே எழுதிய பக்கம் அது. 'வெள்ளிதோறும் மருந்துக் களி, அம்மா கையால். இரவு வயிறு பிடுங்கும், இரண்டு தடவை போகும். சனிக்கிழமை சரியாகிவிடும். சூடு இறங்குகிறது என்கிறார் அம்மா.' போன வாரம் இதை எழுதும்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது அதைப் படித்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் களியைத்தான் நானும் தின்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான்கு வருடமாக ஒரு பரோட்டாத் தாளைச் சுமந்துகொண்டு திரிந்தவள் அவள். சுமக்க வைத்தவரோ வெள்ளிக்கிழமை தவறாமல் அடுத்த வாணலியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

சாயந்திரம் படிவங்களை அடுக்கும்போது பார்த்தேன். 'அறிவுரை கூறப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. தேதி, கையெழுத்து, எல்லாம் சரியாக.

"எப்பச் சொன்ன? போன் பண்ணினியா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்குடி டிக்?"

"மேடம் பாப்பாங்கல்ல." ஐஸ் பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "இப்பச் சொன்னா பவா போயி ஆத்தாகிட்டக் கேப்பா. அது உஷாராயிரும். நல்லெண்ணெய்தான் ஊத்துனேன்னு சத்தியம் பண்ணும். எனக்கு என்ன ஊத்துச்சுன்னு அப்புறம் சாகுற வரைக்கும் வெளிய வராது. மறு ஞாயித்துக்கிழமை பவாவுக்கு ஏழாம் மாசத்து வளைகாப்பு. அதே மண்டபம், அதே சனம். அன்னைக்கு அது வாயாலயே வரணும்."

"நடுவுல ரெண்டு வெள்ளிக்கிழமை இருக்கு முனீஸ்."

"தெரியும்."

"அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"எனக்கு ஆச்சுல்ல."

பவதாரிணியின் போன் நம்பர் அந்தப் படிவத்திலேயே இருந்தது. என் கைப்பையில் போன் இருந்தது. நான் பேசியிருக்கலாம், டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. நியாயம் பேச ஆரம்பித்தால் ஆயிரம் காரணம் சொல்வேன். உண்மை என்னவென்றால், அந்தப் பொம்பளை அறுபது பேர் முன்னால் மாட்டுவதைப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை முனீஸ்வரி சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து மூடி வைத்தாள். சனிக்கிழமை காலை பவதாரிணியிடமிருந்து சாதாரணமாக ஒரு வாட்ஸ்அப் வந்ததும்தான் டீயே குடித்தாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவளே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பக்கத்தில் நான்.

"என்ன பவா, எப்படி இருக்க?"

"இப்பத்தான் களி தின்னேன் மதினி. அம்மா இன்னைக்குக் கூடக் கொஞ்சம் வச்சிருச்சு. வயிறு பிடுங்குது."

முனீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன், வாய் திறக்கவில்லை.

"சரி, இடது பக்கமாப் படுத்துக்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிராஜின் வண்டியில் மூன்று பேரும் போனோம். நான் முனீஸ்வரியின் ஆபீஸ் சிநேகிதி என்று போனேன். மண்டபத்தில் மல்லிகையும் சந்தனமும் மணத்தன. பவதாரிணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் ஏறிக்கொண்டிருந்தது. கன்னத்தில் சந்தனம். முகம் வெளுத்திருந்தது எனக்குத் தெரிந்தது, மற்றவர்கள் களை என்றார்கள். முனீஸ்வரி வளையல் தட்டுப் பக்கமே போகவில்லை. சுவரோரமாக நின்றாள். பாண்டியம்மாள் அதைக் கவனித்துத் திருப்தியாகத் தலையாட்டியதைப் பார்த்தேன். இரு, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வளையல் போட்டு முடிந்து கலவை சாதம் பரிமாற இலை விரிக்கும் நேரம். பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். முனீஸ்வரி நடுவில் வந்தாள். இப்படி ஒரு தேன் குரல் அவளுக்கு இருப்பது எனக்குத் தெரியாது.

"அத்தை, பவா முகத்துல எம்புட்டுக் களை! எங்க ஆபீஸ்ல இருந்து வந்திருக்கிற அக்காகூடக் கேக்குறாங்க, என்ன குடுத்து வளத்தீங்கன்னு."

பாண்டியம்மாளுக்குக் குளிர்ந்துவிட்டது. "வேறென்ன, எங்க வீட்டு மருந்துக் களிதான்."

"அப்படி என்ன அத்தை அதுல விசேசம்? கனகலட்சுமி சின்னத்தை அவுகளும் கிண்டுறாகள்ல? எல்லாம் ஒரே களிதானே?"

"ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்றார் கனகலட்சுமி, இலை விரித்துக்கொண்டே. "உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். இதுல என்னத்தைப் பெரிய ரகசியம்? இவ கதவைச் சாத்திக்கிட்டுக் கிண்டுறா, நான் திறந்து வச்சுக் கிண்டுறேன். அம்புட்டுத்தான்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். முப்பது வருடப் பெருமையை ஓரகத்தி ஒரே வாயில் மென்று துப்பியதைப் பாண்டியம்மாளால் தாங்க முடியவில்லை.

"நல்லெண்ணெயா? நல்லெண்ணெய் ஊத்துனா அது மருந்துக் களியா? ரெண்டு கரண்டி விளக்கெண்ணெய் விட்டுக் கிண்டணும்டி! அஞ்சாம் மாசத்துல இருந்து வாரம் ஒரு தடவை விட்டாத்தான் சூடு இறங்கும், வழி இளகும். நான் மூணையும் வீட்டுலதான் பெத்தேன், தெரியும்ல?"

"அப்படியா அத்தை" என்றாள் முனீஸ்வரி. குரல் இன்னும் தேன்தான். "எனக்கும் விட்டீங்களா?"

"உனக்கு விடாமலா? நீ ஒல்லியா இருந்தியேன்னு ஒரு கரண்டி கூடவே விட்டேன். கடைசி வெள்ளிக்கிழமை மிச்சம் வச்சவளை நின்னு தின்ன வச்சேன்ல. உனக்குத்தான் குடுத்து வைக்கல."

சொல்லி முடிக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. விளக்கெண்ணெய் எதற்கு என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, "அடி ஆத்தி, அது பேதிக்குக் குடுக்கிறதாச்சே" என்றாள்.

முனீஸ்வரி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தேன் போய்விட்டது.

"அப்ப பரோட்டா இல்லியா அத்தை?"

அறுபது பெண்களும் பாண்டியம்மாளையே பார்த்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமாக முனீஸ்வரி நின்று நிதானமாகப் பார்த்தாள். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சு வரைக்கும் இனித்தது.

வாசலில் பாண்டிராஜ் நின்றிருந்தார். சாத வாளியைத் தூக்கி வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். "நான்தானம்மா அந்தப் பரோட்டாவை வாங்கிட்டு வந்தேன்" என்றார். "நாலு வருசமா நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." வாளியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து இன்று வரை அவர் தன் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் இதைக் கொண்டாட்டமாக எழுதியிருப்பேன்.

பவதாரிணி நாற்காலியில் அப்படியே இருந்தாள். வளையல் கை வயிற்றின் மேல். "மதினி, எனக்கு முந்தாநாள்ல இருந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கு" என்றாள் மெதுவாக.

அதே வண்டியில் மதுரைக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். கர்ப்பப்பை வாய் அந்த மாதத்துக்கு இருக்க வேண்டிய நீளத்தில் இல்லை, இளக ஆரம்பித்திருந்தது. படுக்கையில் சேர்த்தார்கள். பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி போட்டார்கள். டாக்டர் சூடாமணி செய்தி கேட்டு வந்து, ஆய்வுப் படிவத்தின் நகலை அங்கிருந்த டூட்டி டாக்டரிடம் கொடுத்தார். விளக்கெண்ணெயால்தான் இப்படி ஆயிற்றா என்று நான் கேட்டதற்கு, "கருவி எண்ணெய் இருந்ததைச் சொல்லும். அது என்ன செஞ்சதுன்னு சொல்லாது ஹம்சா. ஆனா அன்னைக்கே நிறுத்தினது நல்லதாப் போச்சு" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

டூட்டி டாக்டர் இளம் பெண், தூக்கமில்லாத எரிச்சல். படிவத்தைப் புரட்டினார். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஏம்மா, உனக்குப் பதினோரு நாள் முன்னாடியே சொல்லியிருக்காங்களே, இந்த எண்ணெய்க் களி சாப்பிடாதேன்னு. இங்க டிக் இருக்கு, கையெழுத்து இருக்கு. முந்தாநாளும் தின்னேன்னு நீயே சொன்னியே? நாக்குக்கு அடிமையாகிப் பிள்ளையைப் பறிகொடுக்கப் பாத்தியா?"

நாங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். பவதாரிணிக்கு முதலில் புரியவில்லை. படிவத்தைப் பார்த்தாள். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி மதினியைப் பார்த்தாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை போனில் பேசியது அவளுக்கு நினைவு வருவதை நான் கண்ணால் கண்டேன்.

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். "டாக்டர், அது..."

"ஆமா டாக்டர்" என்றாள் பவதாரிணி. "மதினி சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"எல்லாரும் இப்படித்தான்" என்று சலித்துக்கொண்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். சுற்றியிருந்த நான்கு கட்டில்காரிகளும் அவர்கள் கூட இருந்தவர்களும், தின்னு கெடுத்துக்கொண்டவளைப் பார்க்கிற பார்வையைப் பவதாரிணி மேல் வைத்தார்கள். அந்தப் பார்வை முனீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும்.

"பவா, நான் சொல்லிர்றேன். இப்பவே போய்ச் சொல்றேன்."

"வேணாம் மதினி. எங்க அம்மாவை எல்லாரு முன்னாடியும் சொல்ல வச்சீங்க. உங்களைச் சொல்ல விட மாட்டேன்." குரலை உயர்த்தவில்லை அவள். "அது உங்க வயித்துலயே இருக்கட்டும்."

அந்த வீட்டுப் பெண்தானே அவளும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பிள்ளை எட்டாம் மாதத்தில் பிறந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து தேறிவிட்டது. அத்தனை நாளும் முனீஸ்வரி வேலை முடிந்து தினம் போய் வந்தாள். பவதாரிணி வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மாதிரி எடுப்பதை முனீஸ்வரி நிறுத்திக்கொண்டாள். கை நடுங்குகிறது என்று டாக்டர் சூடாமணியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து குப்பிகளுக்கு எண் ஒட்டுகிறாள். படிவத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் பவதாரிணியையும் பொய் சொன்னவளாக்க வேண்டும். எங்கள் இருவரையும் வசமாகக் கட்டிப்போட்டிருந்தாள் அவள்.

போன மாதம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள், முனீஸ்வரியோடு நானும் போயிருந்தேன். கனகலட்சுமி ஊர் முழுக்கப் பேசியிருந்ததால் பாண்டியம்மாள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முன்பு கதவைச் சாத்திக்கொண்டு கிண்டியவர், இப்போது வெட்கத்தில் சாத்திக்கொண்டிருந்தார். எனக்கு அதில் இன்னும் சந்தோஷம்தான். கூடத்தில் சனம் நிறைந்திருந்தது. பிள்ளைக்குக் கறுப்பு வளையல் போடும் நேரம் வந்ததும் பெண்கள் வரிசையாக எழுந்தார்கள். பவதாரிணி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"மொத வளையலை எங்க மதினி போடட்டும். இந்தப் பிள்ளை பொழைச்சதே அவுகளாலதான்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வழி விட்டார்கள். நான்கு வருடமாக முனீஸ்வரி கேட்டது இதைத்தான். அவள் போய்த் தட்டிலிருந்து வளையலை எடுத்தாள். பிள்ளை முஷ்டியை மூடிக்கொண்டு தூங்கியது. பவதாரிணி அந்தப் பிஞ்சுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க மதினி."

முனீஸ்வரி குனிந்தாள். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இந்தத் தடவை அவள் மணிக்கட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. பிறகு திரும்பி வளையலை என் கையில் திணித்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னாள்.

நாங்கள் பஸ்ஸில் வந்திருக்கவில்லை. பாண்டிராஜின் வண்டி வாசலில்தான் நின்றிருந்தது.